அஞ்சலை வாங்காத மாடு

எங்கள் அலுவலகத்தில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். இந்த வருடம் ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். என் இடத்துக்கு வந்திருப்பவள்தான். "பெண்களுக்குத் தொழில் அமைச்சுக் குடுத்த அனுபவம் மேடம். படிச்சா எங்களுக்கெல்லாம் உற்சாகம் வர்ற மாதிரி நாலு சம்பவம் எழுதுங்க" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். நாலு சம்பவம் வரவில்லை. ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. அதில் உற்சாகம் எல்லாம் இல்லை, பொறாமைதான் இருக்கிறது. அதுவும் என்னுடைய பொறாமை. மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிடுகிறேன். இரண்டு பக்கத்தில் முடியாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை இதுதான். தொழில் தொடங்க நினைக்கிற பெண்களிடம் விண்ணப்பம் வாங்குவது, அவர்கள் ஊருக்குப் போய் இடத்தைப் பார்ப்பது, 'இவருக்குக் கடன் தரலாம்' என்று வங்கிக்குப் பரிந்துரை எழுதுவது. வங்கி கடன் தரும், அரசு அதில் ஒரு பங்கை மானியமாகத் தரும், சுய உதவிக் குழுவில் இருக்கிற பெண்ணாக இருந்தால் குழு அவளுக்காகப் பொறுப்பேற்கும். அலுவலகம் கடலூரில். எனக்கு ஒதுக்கியிருந்தது பெரும்பாலும் சிதம்பரம் பக்கம். சேர்ந்த புதிதில் மூன்று மாதம் பயிற்சி கொடுத்தார்கள். அதில் கற்றுக்கொண்டதில் ஞாபகம் இருப்பது, விண்ணப்பத்தைப் பச்சை மையில் திருத்தக் கூடாது என்பது மட்டும்தான். மற்றதெல்லாம் பஸ்ஸில் கற்றது.

பஸ்ஸில் கற்றதில் முதல் பாடம், ஊருக்குப் போகிற நாளில் காலையில் தண்ணீர் குடிக்கக் கூடாது. காப்பியும் அரை டம்ளர்தான். காலை ஏழு மணிக்குக் கடலூரில் பஸ் ஏறினால் மாலை வீடு திரும்பும்வரை ஒதுங்க இடம் கிடையாது. ஆண் அலுவலர்கள் சிதம்பரம் பஸ் நிலையத்தில் இறங்கியதும் டீ குடிப்பார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இருபத்தெட்டு வருடம் அப்படி நின்றேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு வேலையில் இருப்பவர் சொந்தமாகத் தொழில் செய்யக் கூடாது என்பது விதி. எனக்கும் ஒரு தொழில் யோசனை இருந்தது. வீட்டில் ஒருமுறை சொன்னேன். "மாசம் பொறந்தா சம்பளம் வருது, ஒனக்கு எதுக்கு இந்த வேலை" என்றார் என் கணவர். அதோடு வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு, தினம் பத்துப் பெண்களின் யோசனையைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். இலையில் பரிமாறிக்கொண்டே பசியோடு நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது.

2004இல் அந்தோணிசாமி சார் எங்களுக்கு அதிகாரியாக வந்தார். ஒல்லியாக, உயரமாக இருப்பார். யாரையும் அதட்டியதில்லை. கிராமத்துப் பெண்கள் எல்லாரையும் 'நீங்க' என்றுதான் பேசுவார். பயனாளி வீட்டில் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார். கோபம் வந்தால் அவர் செய்கிற ஒரே காரியம், எழுதிக்கொண்டிருக்கும் பேனாவின் மூடியை மெதுவாகத் திருகி மூடுவது. அந்தச் சத்தம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். மூடி திருகும் சத்தம் கேட்டால் அந்த அறையில் ஃபேன் சத்தம்தான் மிச்சம் இருக்கும்.

பெரிய தொகைக் கடனுக்கு மட்டும் அவர் நேர்காணல் வைப்பார், அதில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். வருமானம், வட்டி எல்லாம் நாங்கள் கேட்டுக்கொள்வோம். அவர் விண்ணப்பத்தை மேசையில் வைத்து, 'செய்ய விரும்பும் தொழில்' என்ற கட்டத்தில் விரலை வைத்து, "இது யாரு யோசனைம்மா?" என்பார். பாதிப் பேர் புருஷன் யோசனை என்பார்கள். சிலர் குழுத் தலைவி சொன்னது என்பார்கள். "என் யோசனைதான் சார்" என்று ஒருத்தி நிமிர்ந்து சொல்லிவிட்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். "நல்ல யோசனை" என்பார். அந்த இரண்டு வார்த்தையை அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எனக்கு அதற்கு ஏக்கம் இருந்தது. ஐம்பது வயதில் ஒரு அதிகாரியின் பாராட்டுக்கு ஏங்கினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

நாங்கள் செய்த தப்பை இனிச் சொல்கிறேன். எங்களிடம் ஒரு அச்சிட்ட பட்டியல் இருந்தது. தையல், அப்பளம், கறவை மாடு, பெட்டிக்கடை என்று அதில் உள்ள தொழிலுக்கு எவ்வளவு கடன் என்பது முன்பே முடிவாகியிருக்கும். அதெல்லாம் சின்னக் கடன், சாரிடம் நேர்காணல் கிடையாது, கோப்பு இரண்டு வாரத்தில் நகரும். பட்டியலில் இல்லாத தொழில் என்றால் தனி அறிக்கை எழுத வேண்டும், அது சென்னைக்குப் போகும், நாலு கேள்வியோடு திரும்பி வரும். மார்ச் மாதம் நெருங்கினால் யாருக்கும் அதற்குப் பொறுமை இருக்காது. அதனால் எந்தப் பெண் என்ன சொன்னாலும் நாங்கள் 'கறவை மாடு' என்று எழுதிவிடுவோம்.

நெல்லிக்குப்பத்தில் ஒருத்தி வந்தாள். கரும்பு வண்டிகள் ஆலை வாசலில் வரிசையில் மணிக்கணக்காக நிற்கும், வண்டிக்காரன் மாட்டை விட்டுவிட்டுச் சாப்பிடப் போக முடியாது, வரிசையோடு நடந்துகொண்டே இட்லி விற்கத் தள்ளுவண்டி வேண்டும் என்றாள். நான் மாடு என்று எழுதினேன். கம்மாபுரத்தில் ஒருத்தி, சுரங்க வேலைக்குப் போகிறவர்களின் கரி படிந்த சட்டைகளை மொத்தமாக வாங்கித் துவைத்துக் கொடுக்க இயந்திரம் கேட்டாள். அவளுக்கும் மாடு. பக்கத்து வீட்டு மாட்டோடு நின்று ஒரு போட்டோ, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு ரசீது. பணம் வந்ததும் அவரவர் விரும்பியதை வாங்கிக்கொள்வார்கள். எங்கள் கணக்கில் இருந்த மாடுகளெல்லாம் நிஜமாக இருந்திருந்தால் சிதம்பரம் வட்டாரத்தில் புல்லே மிஞ்சியிருக்காது. சாருக்கு இது தெரியாது. அவர் வருவதற்கு முன்பிருந்தே நடந்துவந்த வழக்கம் இது.

2007 ஆடி மாதம் அஞ்சலை வந்தாள்.

அஞ்சலை என்னோடு சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் படித்தவள். வகுப்பில் நான்தான் முதல் ரேங்க். ஆனால் இடைவேளையில் என்னைச் சுற்றி யாரும் நின்றதில்லை, அவளைச் சுற்றித்தான் நிற்பார்கள். புளியோடு உப்பு, மிளகாய், கொஞ்சம் வெல்லம் சேர்த்து இடித்து, விளக்குமாற்றுக் குச்சியில் உருட்டிச் செருகிக்கொண்டு வருவாள். அந்தப் புளி உருண்டைக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பதினோராம் வகுப்புவரை வாடிக்கை. ஒருநாள் யாரோ டீச்சரிடம் சொல்லிவிட்டார்கள். டீச்சர் டப்பாவைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டினார். அஞ்சலை அழவில்லை. மறுநாளிலிருந்து கேட்டுக்கு வெளியே நின்று விற்றாள். கடைசியில் கணக்கில் பெயிலாகி, கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் வாக்கப்பட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் கழித்து என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். கையில் குழுவின் தீர்மான நகல். எனக்கு உடனே ஒரு சந்தோஷம் வந்தது. அது தோழியைப் பார்த்த சந்தோஷம் இல்லை. நாற்காலியில் நான் இருக்கிறேன், அவள் நிற்கிறாள் என்ற சந்தோஷம்.

"ராஜி! நீயாடி? மேடம்னு கூப்புடணுமா?" என்று சிரித்தாள்.

"ஒக்காரு. இன்னா தொழில் பண்ணப் போற?"

"நடவு மிஷின் வந்துருச்சுடி எங்க பக்கம். நடவுக்குப் போன பொம்பளைங்க எல்லாம் வரப்புல ஒக்காந்துனு வேடிக்கை பாக்குறோம். ஆனா ஒண்ணு கவனிச்சேன். அந்த மிஷினுக்கு வயல்ல பறிக்கிற நாத்து ஆவாது. தட்டுல மண்ணு ரொப்பி, வெதைய நெருக்கித் தூவி, பாய் மாதிரி வளக்கணும். பதினஞ்சாம் நாளு அப்படியே சுருட்டி எடுத்து மிஷின்ல வெக்கணும். மிஷின் வெச்சிருக்கறவனுக்கு அதுக்குப் பொறுமை ஏது? வேள வேளைக்குத் தண்ணி தெளிக்கணும் இல்ல? நாத்து வளக்கறது எங்களுக்குத் தெரியாத வேலையா? எங்க வேலையப் புடுங்கின மிஷினுக்கு நாங்களே நாத்து விக்கப் போறோம்."

நான் பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன். அத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்ததிலேயே நல்ல யோசனை அதுதான். கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

"இது யாரு யோசனை?" என்று சார் மாதிரியே கேட்டேன். ஒரு வேளாண்மை அலுவலர் சொன்னது, தம்பி சொன்னது என்று ஏதாவது சொல்ல மாட்டாளா என்று இருந்தது.

"என் யோசனைதான். பின்ன யாரு?" என்றாள்.

அதற்கு இரண்டு வாரம் முன்புதான் சார் எங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார், புதுமாதிரியாக ஏதாவது தொழில் வந்தால் பட்டியலைப் பார்க்க வேண்டாம், நேராகத் தன்னிடம் அனுப்புங்கள், வங்கியில் தானே பேசிக்கொள்கிறேன் என்று. ஆகவே அஞ்சலையை நான் எதிர் அறைக்குக் கூட்டிப்போயிருந்தால் போதும். பத்தடி தூரம். அவர் கட்டத்தில் விரலை வைத்துக் கேட்டிருப்பார், அவள் நிமிர்ந்து சொல்லியிருப்பாள், அவர் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லியிருப்பார். நான் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் சோம்பலில் மாடு எழுதினேன். அஞ்சலைக்கு மட்டும் வயிற்றெரிச்சலில் எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "கறவை மாடா? நான் நாத்துன்னு இல்ல சொன்னேன்?"

"பட்டியல்ல நாத்து கெடையாது. மாடுன்னு போட்டா ரெண்டு வாரத்துல பணம் வரும். வந்தப்புறம் நீ தட்டு வாங்கிக்கோ. யாரு வந்து பாக்கப் போறாங்க? பக்கத்து வூட்ல மாடு இருக்கில்ல, அதோட நின்னு ஒரு போட்டோ எடுத்துனு வா."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிச்சத்தைப் படிக்காமலே காட்டின இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

பணம் வந்தது, தட்டுகள் வாங்கினாள், குழுவில் இருந்த எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டாள். அந்த வருடம் சம்பாவுக்கு அவள் ஊரில் மட்டும் நாற்று கொடுத்தாள். அடுத்த கோடைக்குள் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து முன்கூட்டியே சொல்லிவைக்க ஆள் வந்தது. இதெல்லாம் எனக்குப் பஸ்ஸில் காதில் விழுந்த செய்திகள். கேட்கும்போதெல்லாம் அந்த நாற்று அழுகாதா, எலி கடிக்காதா என்று மனசு போகும். அப்படி நினைக்கிறோமே என்று பயமும் வரும். ஆனாலும் நினைப்பேன்.

மறு வருடம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் வேளாண்மைக்காரர்கள் விழா எடுத்தார்கள். எங்கள் அலுவலகத்தையும் அழைத்திருந்தார்கள். மேடையில் பெரிய மனிதர்களுக்கு நடுவில் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள், கத்திரிப்பூ கலரில் புதுப்புடவை. நான் மேடைக்குக் கீழே சால்வைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். அவளுக்குப் போர்த்திய சால்வை என் தட்டிலிருந்து போனதுதான். விழா முடிந்ததும் சார் அவளிடம் போய் விவரமாகக் கேட்டார். "இது யாரு யோசனைம்மா?" என்றார். அவள் சொன்னாள். "ரொம்ப நல்ல யோசனை" என்றார். 'ரொம்ப' என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். எங்கள் மூலமாக வந்தவள் என்பதை அவள் சொல்லவில்லை. எனக்குச் சங்கடம் வரும் என்று விட்டிருக்கிறாள் என்பது இப்போது புரிகிறது. திரும்பி வரும்போது ஜீப்பில் சார் சொன்னார், "நம்ம ஆபீஸுக்கு இந்த மாதிரி ஒரு அப்ளிகேஷன் வர மாட்டேங்குதே, ராஜேஸ்வரி."

அன்று சாயங்காலம் வைத்த குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டேன்.

ஒவ்வொரு வருடமும் ஆவணி மாதம் நேரடி ஆய்வு உண்டு. கடன் வாங்கியவர்களில் பத்துப் பேர் பெயரை நாங்கள் எழுதித் தர வேண்டும், சார் நேரில் போய்ப் பார்ப்பார். எந்தப் பத்துப் பேர் என்பது எங்கள் இஷ்டம். மாடு நிஜமாக நிற்கிற வீடு, கடை நன்றாக நடக்கிற பெண் என்று பொறுக்கித்தான் தருவோம். அந்த 2008ஆம் வருடப் பட்டியலில் ஒன்பது பேரை அப்படிப் பொறுக்கி எழுதினேன். பத்தாவதாக அஞ்சலையின் பெயரை எழுதினேன்.

என்ன நினைத்து எழுதினேன் என்று கேட்பீர்கள். சார் மெச்சிக்கொண்டாரே, அந்தப் பெண் மாடு என்று சொல்லிக் கடன் வாங்கியவள் என்று அவர் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. சார் ஆய்வுக்குப் போகும்போது டைப் அடித்த நகலைத்தான் கொண்டுபோவார் என்றும் நினைத்திருந்தேன். விண்ணப்பத்தில் 'கறவை மாடு' என்பது என் கையெழுத்தில் இருக்கிறது என்பதை மறந்தே போனேன். பொறாமைப்படுகிறவளுக்கு ஞாபகசக்தி குறைந்துவிடும் போலிருக்கிறது.

கீரப்பாளையம் டீக்கடையில் ஜீப்பை நிறுத்தினோம். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் சார் அந்தக் கோப்பை ஒருமுறை படித்துவிடுவார். அஞ்சலையின் கோப்பைப் பிரித்தார். அசல் விண்ணப்பம்தான் இருந்தது. போட்டோவை உற்றுப் பார்த்தார். "இது அந்த நாத்தங்கால் அம்மா இல்ல?" என்றார். நான் "ஆமா சார்" என்றேன். அவர் கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வாய்க்காலை ஒட்டிய மேட்டு நிலத்தில் வரிசை வரிசையாகத் தட்டுகள். நாற்று விரல் உயரத்துக்கு மேல் வந்திருந்தது. நாலைந்து பெண்கள் பூவாளியில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை முட்டிவரை ஏற்றிக் கட்டிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். "வாங்க சார், வாங்க மேடம்" என்றாள். எல்லார் முன்னாலும் அவள் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

"மாடு எங்கம்மா?" என்றார் சார்.

தண்ணீர் தெளித்த பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

"மாடு இல்ல சார்."

"போட்டோவுல இருக்கே?"

"அது பக்கத்து வூட்டு மாமாவோடது சார்."

சார் விண்ணப்பத்தை அவள் பக்கம் திருப்பி, கட்டத்தில் விரலை வைத்தார். "அப்ப இது யாரு யோசனை?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் நாற்றைப் பார்த்தேன்.

"நான் நாத்துன்னுதான் சார் சொன்னேன். ராஜிதான் மாடுன்னு எழுதுனா" என்றாள். மேடம் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"அது தப்புன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"எங்க க்ளாஸ்ல அவதான் சார் ஃபர்ஸ்ட்டு. நான் கணக்குல ஃபெயிலு. அவ எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கிக்கொண்டிருப்பேன்.

சார் பேனா மூடியைத் திருகி மூடினார். கொஞ்சம் தள்ளிப் போய், என்னை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார், "பொய்த் தகவல் குடுத்து வாங்குன கடன்னா உடனே முழுசையும் திரும்பக் கேக்கணும். இல்லன்னா இந்தத் தட்டெல்லாம் ஜப்தி பண்ணணும். விதி அதான். உங்களுக்கே தெரியும்."

பூவாளி வைத்திருந்த ஒருத்திக்கு அது கேட்டுவிட்டது. "சார், பதினோரு நாளு நாத்து சார். இன்னும் நாலு நாளு. மூணு ஊருக்குச் சொல்லியிருக்கோம். இத்த உட்டா இந்த வருசம் அவ்வளவுதான் சார்" என்றாள்.

சார் ஆய்வுக் குறிப்பு எழுதும் தாளை என்னிடம் நீட்டினார், பேனாவையும் நீட்டினார். "களத்துல என்ன பாத்தீங்களோ, நீங்களே எழுதுங்க" என்றார்.

கவிழ்த்து வைத்திருந்த ஒரு காலித் தட்டின்மேல் உட்கார்ந்தேன். 'பயனாளி' என்று முதல் வார்த்தை எழுதினேன். 'பயனாளி தவறான தகவல் அளித்து' என்று போனால் என் தலை தப்பிக்கும். சாருக்கு உண்மை தெரியும், ஆனால் எழுத்தில் அப்படி இருந்தால் அதற்குமேல் அவர் ஒன்றும் செய்ய மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அடுத்த ஆறு மாதத்தில் எனக்குப் பதவி உயர்வு வர வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் ஒருமுறையாவது அஞ்சலை தோற்று நான் ஜெயிப்பதைப் பார்க்க எனக்கு ஆசை இருந்தது. அது கையெட்டும் தூரத்தில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தெளிப்பதை நிறுத்திவிட்ட பெண்ணின் கையிலிருந்து பூவாளியை வாங்கி, விட்ட இடத்திலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டால் நாற்று வாடிவிடும் இல்லையா? நான் சரியாகத்தான் எழுதுவேன் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தாள்.

அந்த வார்த்தையை அடித்தேன். 'விண்ணப்பதாரர் கேட்டது பாய் நாற்றங்கால். கறவை மாடு என்று எழுதியது நான். போட்டோ எடுத்து வரச் சொன்னதும் நான். அவர் பேரில் தவறு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சார் நின்றபடியே படித்தார். "தேதி போடுங்க" என்றார்.

அதன் பிறகு நடந்தவை சுருக்கமானவை. எனக்கு மெமோ வந்தது. ஒரு வருடம் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். பதவி உயர்வு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. சார் வங்கிக்குத் தானே போய்ப் பேசி, தொழில் மாற்றம் என்று பதிவு செய்து அஞ்சலையின் கடனைக் காப்பாற்றினார். அந்த வருடமே பட்டியலில் இல்லாத தொழில்களுக்கென்று தனிப் படிவம் கொண்டுவந்தார். நெல்லிக்குப்பத்துப் பெண்ணையும் கம்மாபுரத்துப் பெண்ணையும் நானே தேடிப்போய், அந்தப் படிவத்தில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டு வந்தேன். மாறுதலாகிப் போகும்வரை சார் என்னிடம் அந்த நாளைப் பற்றிப் பேசவே இல்லை. 'நல்ல யோசனை' என்றும் சொல்லவில்லை.

திருந்திவிட்டேனா என்றால், அப்படி ஒன்றும் இல்லை. அஞ்சலை மினி லாரி வாங்கியதைக் கேட்டபோதும் எரிந்தது. அவள் மருமகள் அந்தத் தொழிலையே எடுத்துச் செய்கிறாள் என்று கேட்டபோதும் எரிந்தது. என் மருமகள் போன்கூடச் செய்வதில்லை.

இந்த வருடம் ஓய்வு பெற்றேன். இனி விதி என்னைத் தடுக்காது. என் யோசனையைத் தாளில் எழுதிக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனேன். பென்ஷன் இருக்கிறது, கடன் தரலாம், ஆனால் தொழில் செய்கிற ஒருவரின் ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் படிவம் எழுதியிருக்கிறேன். உரிமையோடு போய்க் கையெழுத்துக் கேட்க எனக்கு ஒரே ஒருத்தியைத்தான் தெரிந்தது.

போனேன். அஞ்சலை லாரியில் தட்டு ஏற்றுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். படிவத்தை நீட்டினேன். "எங்க போடணும்?" என்று பேனாவை எடுத்தாள்.

"அஞ்சல, ஒண்ணு சொல்லணும். அந்த வருசம் ஆய்வுப் பட்டியல்ல ஒன் பேரை எழுதுனது நான்தான். வேணும்னே எழுதுனேன்."

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"புளி உருண்டைய டீச்சர்கிட்ட சொன்னதும் நீதானடி. எங்க போடணும், சொல்லு. லாரிக்கு நேரமாவுது."

நான் படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். "படிச்சுட்டுப் போடு" என்றேன்.

"நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்."

"இல்ல. படி."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய மெதுவாகப் படித்தாள். செய்ய விரும்பும் தொழில்: சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு அருகில் பெண்களுக்கு மட்டுமான ஓய்வு இடம். சுத்தமான கழிப்பறை, குளிக்க வெந்நீர், புடவை மாற்றிக்கொள்ள அறை, குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவு, பை வைத்துவிட்டுப் போக அலமாரி. கோயிலுக்கு வருகிறவர்கள், பரீட்சைக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற தாய்மார்கள், வேலையாகப் பஸ் ஏறி வருகிற பெண்கள். காலையில் தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிற எல்லாரும்.

படித்து முடித்தும் அவள் தலையை நிமிர்த்தவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள்.

"நானும் நாலு வருசமா லாரியில போறேன் வறேன்டி" என்றாள். "காலைல ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. எனக்கு இது தோணாமப் போச்சே."

சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து நான் அவளைப் பார்த்த பார்வை அது. ஒரு நொடிதான் இருந்தது, அதற்குள் சிரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். எனக்கு அந்த ஒரு நொடி போதும்.